இறுகிக் கிடந்த களிமண்ணில் சில வருடங்கள்: எது கைகொடுத்தது, எது தேவைப்படவில்லை

வீட்டுத் தோட்டத்து மண்ணைச் சரிசெய்ய ஆளுக்கொரு வழி சொல்வார்கள். அவற்றில் பலவற்றை ஒரே இடத்தில் வருடக்கணக்கில் செய்து பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். எனக்கு வாய்த்தது அஸ்திவாரம் தோண்டும்போது வெளியே வந்த மண். நல்ல மேல்மண் அடியில் புதைந்துபோய், அடிமண்ணான களி மேலே பரவிக் கிடந்தது. சுவரோரத்தில் சிமெண்ட் காரையும் கலந்திருந்தது. வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை பெய்தால் காலை எடுக்க விடாது.

எதையும் வாங்குவதற்கு முன்னால் மண்ணைத் தெரிந்துகொள்வது முக்கியம். அதற்குச் செலவே இல்லாத இரண்டு சோதனைகள் போதும். ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும். வண்டலுக்குச் சில மணி நேரம் ஆகும். களி படிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். எந்த அடுக்கு தடிமனோ அதுதான் உங்கள் மண். அடுத்தது, ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி வடிய விட்டு, மறுபடி நிரப்பி, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பது. மணிக்கு 1 முதல் 2 அங்குலம் இறங்கினால் காய்கறிச் செடிகளுக்கு நல்லது. என் குழியில் மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றது.

களிமண் என்றதும் மணல் கலக்கச் சொல்வார்கள். நான் கலக்கவில்லை, நீங்களும் கலக்க வேண்டாம். கொஞ்சம் மணல் போட்டால் மணலின் இடுக்குகளைக் களி அடைத்துக்கொண்டு மண் இன்னும் இறுகும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் மொத்த மண்ணில் பாதியாவது மணலாக இருக்க வேண்டும், அது வீட்டில் ஆகிற வேலை இல்லை. களியை இளக்கப் போடச் சொல்லும் ஜிப்சம் என்ற கால்சியம் உப்பும் எல்லா மண்ணுக்கும் தேவையில்லை. சோடியம் மிகுந்த மண்ணில் அது நன்றாக வேலை செய்யும். மண் பரிசோதனை அறிக்கையில் என் மண்ணில் சோடியம் குறைவு என்று வந்ததால் அந்தப் பக்கமே போகவில்லை.

மட்கு உரம் போடாமல் எதுவும் நடக்காது. குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் உள்ளே சூடு நிற்கும். காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு, பச்சைக் கழிவு ஒரு பங்கு என்று அடுக்கி, பிழிந்த துணி அளவுக்கு ஈரம் வைத்தால் சில நாட்களில் நடுப்பகுதி 55 டிகிரியைத் தாண்டும். ஆறியதும் கிளறிவிட்டால் மறுபடி சூடேறும். கடைசியில் பாதிக்கும் கீழே வற்றிவிடும், அதனால் பெரிதாகவே தொடங்குங்கள். ஆனதா இல்லையா என்று பார்க்க ஒரு கைப்பிடியை ஈரத்தோடு பையில் கட்டி நாலு நாள் வையுங்கள். திறக்கும்போது புளிச்ச வாடை வந்தால் இன்னும் ஆகவில்லை. பாத்திக்கு வருடத்துக்கு ஒரு தடவை 2 அங்குலம் மேலே பரப்புகிறேன். முதல் வருடம் மட்டும் கொத்திக் கலந்தேன், அப்புறம் கொத்தவே இல்லை.

ஆனால் செய்ததிலேயே மண்ணை நன்றாக மாற்றியது எது என்று கேட்டால் மூடாக்கு, அதாவது மண்ணைச் சருகு போட்டு மூடி வைப்பது என்றுதான் சொல்வேன். இதை நிறையப் பேர் அலட்சியப்படுத்துகிறார்கள், அது எனக்கு வருத்தம்தான். வெறும் களிமண்ணில் மழைத்துளி அடித்தால் மண்கட்டி உடைந்து, மேலே ஒரு பொருக்குத் தட்டிவிடும். காற்றும் நீரும் உள்ளே போகாது. மேலே 3 அங்குலம் சருகு கிடந்தால் மழைத்துளி நேராக மண்ணைத் தாக்காது, ஈரமும் சீக்கிரம் போகாது. சருகைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். மேல் இலை காய்ந்திருக்கும். அதற்குக் கீழே உள்ளது கறுத்துப் பதமாக இருக்கும். அடியில் உள்ள இலையில் நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சியிருக்கும், அதில் வெள்ளைப் பூஞ்சை இழைகள் ஓடும். அதற்கும் கீழே மண்புழு கழித்த மண் சின்னச் சின்ன உருண்டைகளாகக் குவிந்திருக்கும். அந்த உருண்டைகளுக்கு இடையே உள்ள சந்துகளில்தான் தண்ணீர் இறங்குகிறது.

தொந்தரவும் உண்டு. மழைக்காலத்தில் நத்தை வந்து தங்கும். தண்டை ஒட்டி மூடாக்கு போட்டால் தண்டு அழுகும், ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். சிறு விதை விதைக்கும் இடத்தில் விலக்கித்தான் ஆக வேண்டும். மரத்தூளை மண்ணுக்குள் கலக்காதீர்கள். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும், செடி வெளிறிப்போகும். மேலே பரப்பினால் அந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை.

காலியாகும் பாத்தியில் பசுந்தாள் உரமாகச் சணப்போ தட்டைப்பயறோ விதைப்பேன். பூக்கும் பருவத்தில், காய் பிடிப்பதற்குள், தரையோடு அறுத்து அங்கேயே போட்டுவிட்டு, வேரை மண்ணிலேயே விட்டுவிடுவேன். வேர் மட்கிய தடம் தண்ணீருக்கு வழியாகிறது. ஒரு செடியை மட்டும் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. அறுத்த பிறகு இரண்டு மூன்று வாரம் கழித்து நாற்று நடலாம்.

இன்னொன்று, மிதிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் கை எட்டும்படி பாத்தியை 4 அடி அகலத்துக்குள் வைத்து, நடக்கத் தனிப் பாதை விட்டுவிட்டேன். ஈரக் களியை ஒரு தடவை மிதித்தாலே அத்தனை நாள் வேலையும் இறுகிப்போகும்.

முதல் வருடம் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். மேல் இரண்டு அங்குலம் நிறம் மாறும், அவ்வளவுதான். இரண்டாம் வருடம் களை பிடுங்கினால் வேரோடு வந்தது, முன்பெல்லாம் தண்டு அறுந்து கையோடு வரும். மூன்றாம் வருடத்துக்கு மேல் மண் பொலபொலவென்று உதிர ஆரம்பித்தது. அதே குழிச் சோதனையை மறுபடி செய்தபோது மணிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இறங்கியது.

சுவரோரம் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. காரையில் உள்ள சுண்ணாம்பால் அங்கே மண்ணின் அமில, கார அளவைச் சொல்லும் பி.எச். 8-க்கு மேல், அதாவது காரம் அதிகம். வினிகர் விட்டால் நுரைக்கிறது. இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாததன் அடையாளம் அது. கந்தகத் தூள் போடலாம், மண்ணிலுள்ள பாக்டீரியா அதை அமிலமாக்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். சுண்ணாம்பு தீரும்வரை அந்த அமிலம் அதோடு வினைபுரிந்தே வீணாகும். அதனால் கைக்கு அகப்பட்ட காரைத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, கார மண்ணைத் தாங்கும் செடிகளை அங்கே வைத்திருக்கிறேன். மர அடுப்புச் சாம்பல் காரத்தைக் கூட்டும் என்பதால் அந்தப் பக்கம் ஒரு பிடி கூடப் போடுவதில்லை.