சிம்பொனி மேடைக்குப் பின்னால்: மாணவர் இன்டர்ன்ஷிப் எப்படி இருக்கிறது?

மும்பையின் தேசிய நிகழ்த்துகலை மையத்தில் (என்.சி.பி.ஏ.) 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவுக்கு நிரந்தர அலுவலகமும் ஆட்களும் உண்டு. சென்னையில் நிலைமை வேறு. ஒவ்வொரு கச்சேரிக்கும் வாத்தியக்காரர்களைக் கூட்ட வேண்டும். வாசித்து முடித்ததும் கலைந்துவிடுவார்கள். இசைத்தாள்களைப் பார்த்துக்கொள்ளும் நூலகர், மேடை நிர்வாகி என்று தனி ஆள் பெரும்பாலும் இருப்பதில்லை. நகரக் குழு ஒன்றில் அந்த வேலையைக் கல்லூரி மாணவர்கள் இன்டர்ன்களாகச் செய்கிறார்கள். பெரிய குழுக்கள் மாணவர் கையில் எளிதில் தராத பொறுப்பு இங்கே முதல் வாரமே வந்துவிடுகிறது. அதுதான் இதன் பலம். செய்ததைச் சரிபார்க்க அனுபவசாலி ஒருவர் கூடவே இல்லாதது பெரிய குறை.

கற்க அதிகம் இருப்பது பார்ட்ஸ், அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனி இசைத்தாள், தயாரிப்பில்தான். பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனியை எடுத்துக்கொள்வோம். முதல் வயலின் 8, இரண்டாம் வயலின் 6, வயோலா 4, செல்லோ 4, டபுள் பேஸ் 2 என்று வைத்தால் தந்தி வாத்தியம் 24 பேர். இருவருக்கு ஒரு ஸ்டாண்டு என்பதால் 12 பிரதி போதும். காற்று வாத்தியமும் டிம்பனி என்ற பெரிய முரசும் சேர்ந்து 18 பேர்; ஆளுக்கொரு பார்ட். காற்று வாத்தியங்களில் பிக்கலோ, கான்ட்ரா பசூன், மூன்று டிராம்போன் ஆகியவை கடைசிப் பகுதியில் மட்டுமே வருகின்றன. அதைக் கவனித்தால் அந்த ஐவரின் ஒத்திகை நேரத்தைத் தனியாகக் குறித்து, அவர்களை வீணாகக் காக்க வைக்காமல் இருக்கலாம். அதே கடைசிப் பகுதியில் கிளாரினெட் 'சி' சுருதிக்கு எழுதப்பட்டிருக்கிறது. சி கிளாரினெட் வைத்திருப்பவர் அபூர்வம். வழக்கமான பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு மாற்றி எழுதிய பார்ட் தேவையா என்று முன்னாடியே கேட்காவிட்டால், முதல் ஒத்திகை அங்கேயே நின்றுவிடும்.

வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும். முதல் வயலின் பிரிவின் தலைவரான கான்செர்ட்மாஸ்டர் தன் பார்ட்டில் போவிங் குறிகளை, அதாவது வில்லை எந்தப் பக்கம் இழுப்பது என்பதை, போட வேண்டும். அதைப் பார்த்து மற்ற தந்திப் பிரிவுகளின் தலைவர்கள் தங்களுடையதைப் போட வேண்டும். அதன் பிறகே நகல். அவசரத்தில் முதலில் நகலெடுத்துவிட்டு, பன்னிரண்டு பிரதியிலும் கையால் குறிப்பது இங்கே அடிக்கடி நடக்கிறது. குறி போடுவது எப்போதும் 2பி பென்சிலில்தான். வாடகைக்கு வந்த பார்ட் என்றால் அழித்துத்தான் திருப்பித் தர வேண்டும். பேனா பட்டால் அபராதம் வரலாம்.

ஜெராக்ஸ் கடையில்தான் பாதிக் கோளாறும் பிறக்கிறது. கடைக்காரர் வழக்கம்போலப் பக்கத்தைச் சுருக்கிவிடுவார். ஸ்வரம் எழுதும் ஐந்து கோட்டின் மொத்த உயரம் 7 மில்லிமீட்டருக்குக் கீழே போனால், ஸ்டாண்டைப் பகிரும் இருவருக்கும் கண் எட்டாது. அந்த உயரம் குறையாமல் ஏ3 தாளில் இரு பக்கமும் அச்சடித்து, நடுவில் மடித்து ஸ்டேப்ளர் போடச் சொல்லுங்கள். தாளின் கனம் 100 ஜி.எஸ்.எம்.மாவது இருக்கட்டும். 70-ல் பின்பக்க எழுத்து தெரியும், ஏசி காற்றில் பறக்கவும் செய்யும். பக்கம் புரட்டும் இடம் ஓய்வுக் குறியில் வருகிறதா என்று பார்த்துவிட்டே மடியுங்கள். குழுவை நடத்தும் கண்டக்டரின் ஸ்கோரும் (எல்லா வாத்தியமும் சேர்ந்த முழு இசைத்தாள்) பார்ட்ஸும் வெவ்வேறு பதிப்பாக இருந்தால், ஒத்திகையில் இடம் சொல்ல உதவும் எழுத்துகளும் பார் எண்களும் பொருந்தாமல் போகலாம். அதை ஒப்பிட ஒரு முழு மாலை ஒதுக்குவது தகும்.

உரிமை விஷயத்தையும் மாணவர்களிடமே விட்டுவிடுகிறார்கள். இது சரியில்லை. இந்தியச் சட்டப்படி, இசையமைப்பாளர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு பாதுகாப்பு. 1957-ல் மறைந்த இசையமைப்பாளர் சிபேலியஸ் அதைத் தாண்டிவிட்டார். 1975-ல் மறைந்த ஷோஸ்டகோவிச்சுக்கு 2035 முடியும்வரை உண்டு. இதைச் சொல்லித்தர ஒரு மணி நேரம் போதும்.

மேடை வேலை உடம்பை வாங்கும். எழும்பூர் மியூசியம் தியேட்டர், சேத்துப்பட்டு முத்தா வெங்கடசுப்பா ராவ் அரங்கு, மியூசிக் அகாடமி: மூன்றின் மேடையும் வேறு வேறு. பழைய வரைபடத்தை நம்பாமல் டேப் வைத்து அளந்துகொள்ள வேண்டும். மேலே சொன்ன குழுவுக்குக் கண்டக்டரையும் சேர்த்து 31 ஸ்டாண்டு, கைப்பிடி இல்லாத நாற்காலி 39, டபுள் பேஸுக்கும் டிம்பனிக்கும் உயர ஸ்டூல் 3. சாப்பாட்டுப் பந்தி நாற்காலி உதவாது. பின்பக்கம் சரிவாக இருந்தால் செல்லோ வாசிப்பவரால் நிமிர்ந்து உட்கார முடியாது. வழவழப்பான மரத்தரையில் செல்லோவின் அடியில் தரையில் ஊன்றும் முள் வழுக்கும், அதனால் பட்டையோ பலகைத் துண்டோ கையில் இருக்கட்டும்.

சென்னைப் புழுக்கத்திலிருந்து குளிர்ந்து உலர்ந்த அரங்குக்குள் வந்தால் மரம் சுருங்கி வயலின் முறுக்காணி நழுவலாம், சுருதி இறங்கலாம். ஏசியை ஒத்திகைக்கு இரண்டு மணி நேரம் முன்பே போடச் சொல்வது இன்டர்னின் வேலைதான். பியானோ இருந்தால் அந்தக் குளிரில் நின்ற பிறகே ட்யூனரை விடுங்கள். குழு முழுக்கச் சுருதி சேர்க்க ஓபோ கொடுக்கும் 'ஏ' ஸ்வரம் பியானோவோடு ஒத்துப்போக வேண்டும்.

உதவித்தொகை கிடையாது, வண்டிச் செலவு மட்டும். ஒத்திகை இரவு வரை நீளும் குழுவுக்கு இது போதாது. குறைந்தபட்சம் சாப்பாடாவது தர வேண்டும். டிரினிட்டி இசைத் தேர்வின் ஐந்தாம் கிரேடு தியரி அளவுக்கு நோட்டேஷன் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை நன்றாகப் பிடிபடும். தெரியாதவர்கள் பெரும்பாலும் டிக்கெட் மேசைக்கும் போஸ்டருக்கும் போய்விடுகிறார்கள். சேரும்போதே பார்ட்ஸ் வேலை உண்டா, அதை யார் சரிபார்ப்பார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிகழ்ச்சிக் கையேட்டில் 'தன்னார்வலர்' என்று பொதுவாகப் போடாமல் 'உதவி நூலகர்' என்றே பெயருடன் அச்சிடவும் சொல்லுங்கள். அடுத்த குழுவில் கேட்பது அதைத்தான்.