டிரெயில் கேமரா: மெகாபிக்சலை விடுங்கள், வெளிச்சத்தைப் பாருங்கள்

விலங்கு கடக்கும்போது தானாகவே படமெடுக்கும்படி காட்டுத் தடத்தில் கட்டிவைக்கும் சிறு கேமராதான் டிரெயில் கேமரா. அதை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்றுதான். அட்டைப்பெட்டியில் 30, 40 என்று பெரிதாக அச்சிட்டிருப்பதால் கேட்கத்தான் தோன்றும். பல மாடல்களில் உள்ளே ஒளியைப் படமாக்கும் சென்சாரின் உண்மையான மெகாபிக்சல் அளவு அதில் ஒரு சிறு பங்குதான். மிச்சத்தை மென்பொருள் ஊகித்து நிரப்பிவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் எந்தக் கேமராவும் ஓரளவு நல்ல படம் தந்துவிடும். ஆனால் முள்ளம்பன்றி, மரநாய், சிறுத்தை என்று நாம் பார்க்க ஏங்கும் விலங்குகளில் பல இருட்டிய பிறகே நடமாடுகின்றன. அந்த நேரத்தில் கேமரா என்ன வெளிச்சம் போடுகிறது என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

அகச்சிவப்பு ஒளியில் இரண்டு வகை உண்டு. 850 நானோமீட்டர் அலைநீள எல்.இ.டி.கள் எரியும்போது, கேமராவை நேராகப் பார்ப்பவருக்கு மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 நானோமீட்டரில் நம் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. கேட்டவுடன் இரண்டாவதுதான் மேல் என்று தோன்றும், விளம்பரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி, கேமராவின் சென்சாருக்கும் சரியாகத் தெரிவதில்லை. வெளிச்சம் எட்டும் தூரம் குறைகிறது. அதை ஈடுகட்ட ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்கும், ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளி உணர்திறன் அளவும் ஏறும். விளைவு, நடந்துபோகும் மானின் கால்கள் புகைபோலக் கலைந்திருக்கும், படம் முழுக்க மணல் தூவினாற்போல் பொரிபொரியாக இருக்கும்.

அப்படியானால் 850-இன் சிவப்பைப் பார்த்து விலங்கு மிரளாதா? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டது. தானியங்கி கேமராக்கள் எழுப்பும் ஓசைகள் பாலூட்டிகளின் காதுக்கு எட்டக்கூடியவை, அகச்சிவப்பு ஒளியும் பல விலங்குகளின் கண்ணில் படக்கூடியது என்று அது காட்டியது. பகலிலிருந்து இரவுக்கு மாறும்போது லென்ஸுக்குப் பின்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி நகரும் அந்தச் சின்ன 'க்ளிக்' சத்தமே போதும், காது கூர்மையான விலங்கு தலையைத் திருப்பிவிடும். ஆகவே 940 வாங்கிவிட்டால் கேமரா மறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். என் அனுபவத்தில் 850-ஐப் பார்த்த விலங்குகள் பெரும்பாலும் ஒரு கணம் நின்று, உற்றுப் பார்த்து, தம் வழியே போயிருக்கின்றன. 940 உண்மையில் ஏமாற்றுவது மனிதக் கண்ணைத்தான். ஆள் நடமாட்டம் உள்ள பாதையில் கேமரா திருடு போகுமோ என்ற பயம் இருந்தால் அதை வாங்கலாம். மற்றபடி என் தேர்வு 850.

மூன்றாவது வெள்ளை ஃபிளாஷ். அகச்சிவப்பில் இரவுப் படங்கள் எல்லாமே கறுப்பு வெள்ளை. இதில் நிறம் வரும், அசைவும் உறைந்து நிற்கும். புலியின் வரிகளையோ சிறுத்தையின் புள்ளிகளையோ வைத்து 'இது அதே விலங்குதானா' என்று பார்க்க வேண்டியவர்களுக்கு அந்தத் துல்லியம் தேவை. 1920களிலேயே வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், தடத்தின் குறுக்கே கம்பி கட்டி, புலிகள் அதில் இடறும்போது இரவில் படமெடுத்தார். ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு என்பதை அந்தப் படங்களில் அவர் கவனித்தார். அதே அடிப்படையில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலிகளைக் கணக்கிட்ட முறை 1995இல் வெளியானது. உடலின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றுபோல இருக்காது. அதனால் தடத்தின் இருபுறமும் ஒவ்வொரு கேமரா கட்டுவார்கள். இந்தியாவின் 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டு, மூன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவான படங்கள் கிடைத்தன. அவற்றில் புலி இருந்தவை 76,651. ஒரு புலிப் படத்துக்காக எத்தனை மற்ற படங்களைத் தள்ள வேண்டும் என்பதை இந்த எண்களே சொல்லும்.

வெள்ளை ஃபிளாஷின் விலையை விலங்கும் கொடுக்கிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணில் திடீரென்று அடிக்கும் வெளிச்சம் அது. கேமரா வைத்த இடங்களைப் புலிகள் தவிர்க்கத் தொடங்கியதை நேபாளத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். இன்னொரு குறை: ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆகச் சில நொடிகள் பிடிக்கும். தாய் படத்தில் விழும், பின்னால் வரும் குட்டிகள் விழாது. வெறும் ஆர்வத்துக்காகப் படமெடுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, தனி விலங்கை அடையாளம் காணும் வேலை இல்லையென்றால், இந்தத் தொந்தரவுக்கு நியாயம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

சரி, பத்திரிகைகளில் பார்க்கிறோமே, மீசை முடிகூட எண்ணக்கூடிய இரவுப் படங்கள்? அவை பெரும்பாலும் டிரெயில் கேமரா எடுத்தவை அல்ல. லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய டி.எஸ்.எல்.ஆர். கேமராவை நீர் புகாத பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று ஃபிளாஷ்களைப் பக்கவாட்டில் கட்டி, தனி சென்சாரோடு இணைத்த அமைப்பு. இதன் முன்னோடி அமெரிக்காவின் ஜார்ஜ் ஷிராஸ். கம்பியும் மக்னீசியப் பொடி ஃபிளாஷுமாக அவர் எடுத்த இரவுப் படங்களை நேஷனல் ஜியாகிரஃபிக் 1906 ஜூலை இதழில் வெளியிட்டது.

டிரெயில் கேமராவுக்கும் டி.எஸ்.எல்.ஆர். அமைப்புக்கும் உள்ள பெரிய வேறுபாடு, விலங்கு வந்ததை உணரும் சென்சாரில் இருக்கிறது. டிரெயில் கேமராவில் இருப்பது வெப்பத்தை உணரும் சென்சார். சுற்றுப்புறத்தைவிட வேறு வெப்பநிலையில் உள்ள ஏதோ ஒன்று தன் பார்வைப் பரப்பில் நகர்ந்தால் அது படமெடுக்கச் சொல்லும். குறுக்கே நடக்கும் விலங்கை உடனே பிடிக்கும், கேமராவை நோக்கி நேராக வருவதைத் தாமதமாகத்தான் உணரும். கடும் வெயிலில் காற்றும் பாறையும் விலங்கின் உடல்சூட்டை எட்டிவிட்டால் கோட்டைவிடும். வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினால் நூற்றுக்கணக்கில் வெற்றுப் படம் எடுத்துத் தள்ளும். பாம்பும் ஓணானும் அதற்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. டி.எஸ்.எல்.ஆர். அமைப்பில் பலர் வைப்பது ஒளிக்கற்றை சென்சார். தடத்தின் ஒருபுறமிருந்து மறுபுறத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. விலங்கு அந்தக் கோட்டை வெட்டும் அதே புள்ளியில் படம் விழும். ஆகவே ஃபோகஸை முன்கூட்டியே அங்கே பூட்டி வைக்கலாம். ஃபிளாஷை எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு சக்திக்குக் குறைத்தால் ஒளி விழும் நேரமும் சுருங்கும், ஓட்டமும் உறையும். வெளிச்சம் பக்கத்திலிருந்து வருவதால் கண்கள் விளக்குபோல் எரியாது.

ஆனால் எடை, செலவு, ஈரம், எறும்பு, நாள்தோறும் வடியும் பேட்டரி எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். யானையோ கரடியோ பெட்டியைப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது. அதைவிட முக்கியம், விலங்கு எங்கே, எந்தத் திசையில், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று தெரியாமல் இதைக் கட்டினால் வாரக்கணக்கில் ஒன்றும் கிடைக்காது. அதைச் சொல்ல எளிய டிரெயில் கேமராதான் வேண்டும். அதன் படம் அழகாக இல்லாமல் இருக்கலாம்; ஆனால் சான்றாக நிற்கும் வலிமை அதற்கு உண்டு. வியட்நாம், லாவோஸ் மலைக்காடுகளில் மட்டுமே வாழும், மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த அரிய விலங்கான சாவோலா 2013இல் தானியங்கி கேமரா ஒன்றில் பதிவானது. காட்டில் அதற்கு முன் அது கேமராவில் சிக்கியது 1999இல்.

படத்தை நம் ஃபோனுக்கே அனுப்பும் சிம் போட்ட கேமராவா, படத்தைச் சேமிக்கும் மெமரி கார்டு மட்டும் உள்ளதா? சிக்னல் கிடைக்கும் இடமென்றால் சிம் நல்லது. நாம் அடிக்கடி போய் மனித வாசனையை விட்டுவர வேண்டியதில்லை. அடர்ந்த காட்டில் சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும், அங்கே கார்டு போதும். பேட்டரியில் லித்தியம் ஏஏ வகைக்குத்தான் என் ஓட்டு. அல்கலைனில் மின்னழுத்தம் மெல்ல இறங்க இறங்க, இரவு வெளிச்சமும் மங்கிக்கொண்டே போகும்.

இப்போது நான் செய்வது இதுதான். நில உரிமையாளரிடமோ வனத்துறையிடமோ அனுமதி வாங்கிய இடத்தில் இரண்டு 850 கேமராக்கள். கால்தடமும் எச்சமும் பார்த்த திருப்பங்களில், முழங்கால் உயரத்தில், தடத்துக்குச் சற்றே சாய்வாகக் கட்டுகிறேன். குகை, வளை, குட்டிகள் இருக்கும் புதர் பக்கம் போவதில்லை. இரை வைப்பதும் இல்லை. ஒரே விலங்கு ஒரே திருப்பத்தில் மூன்று நான்கு முறை பதிவான பிறகுதான் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். படத்தைப் பகிரும்போது இருப்பிடத் தகவலை அழித்துவிடுகிறேன். அந்தத் திருப்பம் எங்கே என்பது வேட்டைக்காரனுக்குத் தெரியக் கூடாது.