ஜாங்கோவின் இலவச டுடோரியல்: எஸ்க்யூஎல் தெரிந்தவர்கள் நம்பி உட்காரலாம்

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் தொழில். எல்லாமே விண்டோஸில் ஓடும் டெஸ்க்டாப் புரோகிராம்கள். டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல்லில் டேபிள், ஜாயின், ஸ்டோர்டு ப்ரொசீஜர் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் இப்போது கடைக்காரர்கள், "வீட்ல இருந்தே போன்ல ஸ்டாக் பாக்கணும்" என்கிறார்கள். வெப் அப்ளிகேஷன் கற்றே ஆக வேண்டும். பணம் கட்டிப் படிக்கும் வீடியோ கோர்ஸ்களையும் பார்த்தேன். கடைசியில் எனக்குக் கைகொடுத்தது ஜாங்கோவின் சொந்தத் தளத்தில் இருக்கும் இலவச டுடோரியல்தான்.

ஜாங்கோ, பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் எழுதப்பட்ட, வெப் அப்ளிகேஷன் கட்டுவதற்கான ஃப்ரேம்வொர்க். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் பிறந்து, 2005 ஜூலையில் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்தது. டுடோரியலில் 8 பகுதிகள். கட்டுவது ஒரே ஒரு சின்ன வாக்கெடுப்பு அப்ளிகேஷன்: ஒரு கேள்வி, அதற்குச் சில பதில்கள், ஒவ்வொரு பதிலுக்கும் வாக்கு எண்ணிக்கை. மொத்தம் இரண்டே டேபிள். கவனம் சிதறாமல் இருக்க இந்தச் சிறிய அளவுதான் சரி.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது இரண்டாம் பகுதி. டேபிளை பைத்தான் கிளாஸாக எழுதச் சொல்கிறார்கள். எழுதியதும் மேக்மைக்ரேஷன்ஸ் கமாண்ட் கொடுத்தால், என்னென்ன மாற வேண்டும் என்று ஒரு ஃபைல் உருவாகிறது. அதை அப்படியே ஓடவிடாமல், நடுவில் நிறுத்தி எஸ்க்யூஎல்மைக்ரேட் என்ற கமாண்டைக் கொடுக்கச் சொல்கிறார்கள். டேட்டாபேஸுக்கு ஜாங்கோ அனுப்பப்போகும் க்ரியேட் டேபிள் வரிகள் முழுசாகத் திரையில் வந்து நிற்கின்றன. டேபிள் பெயருக்கு முன்னால் அப்ளிகேஷன் பெயர் சேர்வதும், இன்னொரு டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீ ஃபீல்டின் கடைசியில் ஐடி ஒட்டிக்கொள்வதும் கண்ணெதிரே தெரியும். எஸ்க்யூஎல்லிலேயே காலம் தள்ளியவனுக்கு இதைவிட நல்ல அறிமுகம் இருக்க முடியாது. நான் பார்த்த கோர்ஸ்களில், "இது தானாக நடக்கும்" என்று சொல்லிக் கடந்துபோன இடம் இது.

இன்ஸ்டால் செய்ய அலைய வேண்டாம். பைத்தானோடு வரும் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸிலேயே எல்லாம் ஓடும். நேர மண்டலத்தை மட்டும் ஆரம்பத்திலேயே ஏசியா/கொல்கத்தா என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அட்மின் பக்கத்தில் நேரம் நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கித் தெரியும்.

அட்மின் பக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு வரி சேர்த்தால் போதும், கேள்விகளைச் சேர்க்க, திருத்த, அழிக்க ஒரு முழுப் பக்கம் தயார். டெஸ்க்டாப்பில் இதே மாஸ்டர் என்ட்ரி ஸ்கிரீனுக்கு நான் நாள்கணக்கில் உழைத்திருக்கிறேன். செய்தியாளர்கள் உள்ளே எழுத, வாசகர்கள் வெளியே படிக்கிற பத்திரிகை வேலைக்காகப் பிறந்தது ஜாங்கோ என்பது இங்கே நன்றாகத் தெரிகிறது. செட்டிங்ஸில் மொழியைத் தமிழாக மாற்றினால் பட்டன்கள் தமிழில் வரும், சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்த்தாலும். தமிழில் கேள்விகள் சேர்ப்பவர்களுக்கு ஒன்று: 200 எழுத்து என்று வரம்பு வைத்தால், அது யூனிகோட் கணக்கு, அதாவது கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் குறியீடுகளின் எண்ணிக்கை. 'கி' இரண்டாக எண்ணப்படும், 'ஸ்ரீ' நான்காக. ஃபீல்டின் அளவைத் தாராளமாகவே வையுங்கள்.

மூன்றாம் பகுதியில் வியூக்களை, அதாவது கேட்ட பக்கத்தைத் தயாரித்துத் தரும் ஃபங்ஷன்களை, முதலில் நீளமாக எழுத வைத்து, அப்புறம்தான் சுருக்குவழியைக் காட்டுகிறார்கள். நல்ல முறை.

நான்காம் பகுதிதான் டுடோரியலின் உச்சம். வாக்கைப் பதிவு செய்யும் இடம். ஒரு பதிலுக்குப் பத்து வாக்கு இருக்கிறது, ஒரே நொடியில் இரண்டு பேர் பட்டனை அழுத்துகிறார்கள் என்று வையுங்கள். இரண்டு பேருக்கும் பத்து என்றே படித்து, ஒன்று கூட்டி, இரண்டு முறையும் பதினொன்று என்று எழுதினால் ஒரு வாக்கு காணாமல் போகும். இரண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் பில் போடும் கடையில் ஸ்டாக் கணக்கு உதைப்பதும் இதனால்தான். டுடோரியல் இங்கே எஃப் என்ற எக்ஸ்ப்ரெஷனைப் பயன்படுத்துகிறது. மதிப்பைப் பைத்தானுக்குள் கொண்டுவந்து கூட்டாமல், "இருப்பதோடு ஒன்று சேர்" என்று டேட்டாபேஸிடமே வேலையை விட்டுவிடுகிறது. பதிவானதும் பயனரை ரிசல்ட் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிறது, அதனால் ரிஃப்ரெஷ் அழுத்தினாலும் வாக்கு இரண்டாவது முறை விழாது. தொடக்கநிலைப் பாடத்திலேயே இதைச் சொல்லிக் கொடுப்பவர்களை மதிக்கிறேன்.

ஆனால் அதே பகுதியின் பின்பாதியில் ஒரு குறை. கையால் எழுதிய வியூக்களை அழித்துவிட்டு ஜாங்கோவிலேயே தயாராக இருக்கும் ஜெனரிக் வியூவுக்கு மாறச் சொல்கிறார்கள். கற்றது மனதில் ஊறும் முன்பே அது மறைந்துவிடுகிறது. இதைப் பிறகு செய்துகொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

ஐந்தாம் பகுதி டெஸ்டிங். நிரலில் வேண்டுமென்றே விட்டுவைத்த ஒரு பிழை, அதாவது நாளைய தேதி போட்ட கேள்வியையும் "சமீபத்தில் வெளியானது" என்று சொல்லும் பிழை, முதலில் டெஸ்டில் சிக்குகிறது, பிறகுதான் திருத்துகிறோம். ஆறாவதும் ஏழாவதும் அலங்காரம், வேகமாக முடிக்கலாம். எட்டாவதில் வரும் டீபக் டூல்பாரைத் தவறவிடாதீர்கள். ஒரு பக்கம் திறக்க டேட்டாபேஸில் எத்தனை குவெரி ஓடியது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று அப்படியே காட்டும்.

பைத்தான் கொஞ்சமாவது தெரியாதவர்கள் இதில் நேராக இறங்கினால் திணறுவார்கள். டுடோரியலும் தமிழில் இல்லை. ஆங்கிலம் எளிமையானதுதான், ஆனாலும் கல்லூரி முதலாண்டு மாணவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். இதைவிடப் பெரிய குறை, வெளிப் பயனர்களுக்கான லாகின் பாடமே கிடையாது. யார் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். கடைக்கு அப்ளிகேஷன் செய்பவருக்கு முதல் தேவையே அதுதான். ஜாங்கோ தளத்தில் லாகின் பற்றிய ஆதன்டிகேஷன் பக்கங்களைத் தனியாகப் படிக்க வேண்டும். டுடோரியலை முடித்தவருக்கு அது கஷ்டமாக இருக்காது.

சர்வரில் ஏற்றுவதும் இதில் வராது. நம் கம்ப்யூட்டரிலேயே அப்ளிகேஷனை ஓட்டிப் பார்க்கும் ரன்சர்வர் கமாண்ட் பயிற்சிக்கு மட்டுமே, அதை வைத்துக் கடைக்கு லிங்க் அனுப்பிவிடாதீர்கள். பிழை விவரங்களைத் திரையில் காட்டும் டீபக் செட்டிங்கை அணைத்து, சீக்ரெட் கீயை கோடிலிருந்து வெளியே எடுத்து, செக் கமாண்டை டிப்ளாய் ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விட்டுப்போன பாதுகாப்பு செட்டிங்குகளை அது எச்சரிக்கையாகக் காட்டும்.