பிரீமியர் லீக் விஏஆர்: ஆஃப்சைடுக்கு ஓகே, மஞ்சள் கார்டுன்னா கைய விரிச்சிடுது

வாரா வாரம் சனி, ஞாயிறு ராத்திரி இங்கிலீஷ் ஃபுட்பால் பாக்குற எல்லாரும் விஏஆர்ங்கற, அதாவது ரீப்ளே பாத்து ரெஃப்ரியோட முடிவ சரிபாக்குற வீடியோ ரெஃப்ரி சர்வீஸோட கஸ்டமர் தான், வேணாம்னு சொல்ற ஆப்ஷனே கிடையாது. இங்கிலாந்தோட டாப் லீக்கான பிரீமியர் லீக்ல இது 2019-20 சீசன்ல இருந்து ஓடுது. லண்டன்ல ஸ்டாக்லி பார்க்னு ஒரு இடம், அங்க ஒரு ரூம்ல ஸ்கிரீனா அடுக்கி வச்சு ஒரு வீடியோ ரெஃப்ரி, அவருக்கு ஒரு அசிஸ்டன்ட், ரீப்ளே ஓட்டிக் குடுக்க ஒரு ஆபரேட்டர் உக்காந்திருப்பாங்க, இவங்க பேசுறது கிரவுண்டுல ஓடுற ரெஃப்ரி காதுக்கு நேரா போகும். என் மார்க் அஞ்சுக்கு மூணு. போன ரெண்டும் பெரும்பாலும் மஞ்சள் கார்டால தான் போச்சு.

முதல்ல இது எதை எல்லாம் பாக்கும்னு தெரிஞ்சுக்கணும், மேட்ச் முடிஞ்சதும் வர்ற பாதி சண்டை அது தெரியாம வர்றது தான். கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடி ரெட் கார்டா (ரெண்டு மஞ்சள் சேந்து ரெட் ஆகுறது இதுல வராது), கார்டு ஆள் மாறிப் போயிடுச்சா, இந்த நாலுக்குத் தான் 2018ல ரூல் புக்குல இடம் குடுத்தாங்க. அதுலயும் ரெஃப்ரி பண்ணது அப்பட்டமான தப்பா இருந்தா தான் தலையிடணும். சாதாரண மஞ்சள் கார்டு இந்த லிஸ்ட்லயே இல்ல. தப்பா குடுத்தாலும் சரி, குடுக்க வேண்டியத விட்டாலும் சரி, ரூம்ல இருக்குறவங்க பாத்துட்டு சும்மா தான் இருக்கணும்.

இதோட நல்லது கெட்டது எல்லாத்தையும் ஒரே மேட்ச்ல பாக்கணும்னா 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் லிவர்பூல் மேட்ச பாருங்க. லிவர்பூலோட கர்டிஸ் ஜோன்ஸ் பந்துக்குத் தான் போனாரு, கால் பந்து மேல வழுக்கி டாட்டன்ஹாமோட பிசூமா கால்ல போய் இறங்கிடுச்சு. ரெஃப்ரி சைமன் ஹூப்பர் மஞ்சள் காட்டினாரு. வீடியோ ரூம்ல இருந்து கூப்பிட்டு கிரவுண்டு ஓரத்துல இருக்குற மானிட்டர பாக்கச் சொன்னாங்க, அவர் போய் நின்னதும் ஸ்கிரீன்ல முதல்ல தெரிஞ்சது ஓடுற வீடியோ இல்ல, கால் மேல கால் பதிஞ்ச அந்த ஒரு நொடிய நிறுத்தி வச்ச படம். மஞ்சள் ரெட் ஆயிடுச்சு. எங்க பட்டுச்சுன்னு பாக்க ஸ்லோமோஷன் போடலாம், எவ்வளவு வேகத்துல பட்டுச்சுன்னு பாக்க நார்மல் ஸ்பீடு தான் போடணும், இது விஏஆர் விதிமுறையிலயே இருக்கு. நிறுத்தி வச்ச படத்துல எல்லா டேக்கிளும் கால உடைக்குற மாதிரி தான் தெரியும், அதுல வேகம் எப்படித் தெரியும்? அது ரெட் தான்னு சொல்றவங்களும் நிறைய பேர் இருக்காங்க, லிவர்பூல் பண்ண அப்பீலும் தோத்துச்சு. ஆனா பாக்குற ஆளு கண்ணுல முதல்ல எந்தப் படம் விழுது அப்படிங்கறது முடிவையே மாத்திடும், என்னோட பெரிய கம்ப்ளைண்ட்ல இது ஒண்ணு.

அடுத்து லிவர்பூலோட லூயிஸ் டியாஸ் கோல். லைன்ஸ்மேன் ஆஃப்சைடுன்னு, அதாவது பாஸ் வர்றப்பவே டிஃபென்டர்களத் தாண்டி நின்னாருன்னு கொடி தூக்கிட்டாரு. ரூம்ல கோடு போட்டுப் பாத்தா டியாஸ் சரியா தான் நின்னாரு, ஆனா கிரவுண்டுல கோல் குடுத்துட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு வீடியோ ரெஃப்ரி "செக் முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டாரு. ஆட்டம் ஆரம்பிச்சிடுச்சு. தப்பு நடந்துடுச்சுன்னு ரூம்லயே கண்டுபிடிச்சு பதறுனது எல்லாம் அப்புறம் வெளியிட்ட ஆடியோல கேக்கும், ஆனா ஒரு தடவ ஆட்டம் திரும்ப ஆரம்பிச்சிட்டா முடிவ மாத்த ரூல்ல இடமில்ல. சரியான விடைய கையில வச்சுக்கிட்டே கோல இழந்த மேட்ச் அது.

இத எல்லாரும் பேசியாச்சு. நான் திரும்பத் திரும்ப பாக்குறது ரெண்டாவது பாதியில நடந்தது. லிவர்பூலோட டியோகோ ஜோட்டாவுக்கு முதல் மஞ்சள், டாட்டன்ஹாமோட உடோகிய தட்டி விட்டாருன்னு. ரீப்ளே போட்டா உடோகி கால் அவர் கால்லயே இடிச்சு விழுந்த மாதிரி தான் தெரியுது. அடுத்த கொஞ்ச நேரத்துலயே ஜோட்டா அதே உடோகி மேல லேட்டா ஒரு டேக்கிள் போட்டாரு, அது நியாயமான மஞ்சள், குறை சொல்ல முடியாது. ரெண்டும் சேந்து வெளிய போயிட்டாரு. லிவர்பூல் ஒம்போது பேர வச்சு 96வது நிமிஷம் வரைக்கும் பிடிச்சு நின்னு, கடைசியில அவங்க டிஃபென்டர் மாட்டிப் கால்ல பட்டு சொந்த கோல், 2-1 தோல்வி. ஜோட்டா 2025 ஜூலைல கார் விபத்துல இறந்துட்டாரு, அந்த மேட்ச இப்ப திரும்பப் போட்டா அவர் நடந்து வெளிய போற இடம் ரொம்பவே கஷ்டமா இருக்கு.

அந்த முதல் மஞ்சள் உலகமே பாத்த தப்பு, ஆனா ரூம்ல இருந்து ஒரு வார்த்தை சொல்ல அனுமதி இல்ல. நேரடி ரெட்டால போனாலும் ரெண்டு மஞ்சளால போனாலும் டீமுக்கு ஒரு ஆளு குறைவு தானே, ஒண்ண பாப்பேன் இன்னொண்ண பாக்க மாட்டேன்னா என்ன கணக்கு இது?

2024 ஆகஸ்ட்ல ஆர்சனல் பிரைட்டன் மேட்ச்லயும் இதே வயித்தெரிச்சல் தான். ஆர்சனலோட டெக்லன் ரைஸ் ஃப்ரீகிக் எடுக்க விடாம பந்த லேசா தட்டி விட்டாருன்னு ரெண்டாவது மஞ்சள், வெளிய. ரூல்படி அது மஞ்சள் தான். ஆனா அதே மேட்ச்ல முன்னாடி பிரைட்டனோட ஜோவா பெட்ரோ பந்த நல்லா ஓங்கி தூரமா உதைச்சிருந்தாரு, அவருக்கு ஒண்ணும் இல்ல. ரைஸ் போன பிறகு 1-1 ஆக்குன கோல போட்டதும் அதே பெட்ரோ தான். குடுத்த கார்டயும் பாக்க முடியாது, விட்ட கார்டயும் பாக்க முடியாதுன்னா மேட்ச் முழுக்க ஒரே அளவுகோல் இருக்கான்னு யாரு தான் பாக்குறது?

ரெண்டாவது மஞ்சள் அப்பட்டமா தப்பா இருந்தா விஏஆர் பாக்கலாம்னு ரூல் போடுற ஐஎஃப்ஏபி 2026ல ஒத்துக்கிச்சு. நல்லது தான். ஆனா ஜோட்டா கேஸ்ல தப்பு முதல் கார்டுல, ரெண்டாவது சரியான கார்டு, அதனால இந்த மாத்தம் அன்னைக்கே இருந்திருந்தாலும் அவருக்கு உதவியிருக்காது. ஆள் வெளிய போறப்ப ரெண்டு கார்டயும் சேத்துப் பாக்கணும். எல்லா மஞ்சளயும் பாக்க ஆரம்பிச்சா மேட்ச் நகராதுன்னு சொல்றவங்க பயம் நியாயம், நானும் அத கேக்கல. ஒருத்தர வெளிய அனுப்புற அந்த நேரத்துல மட்டும் பாருங்கன்னு தான் கேக்குறேன், அது ஒண்ணும் மேட்சுக்கு மேட்ச் நடக்குறது இல்ல.

மூணு ஸ்டார் எதுக்குன்னும் சொல்லணும். ஆஃப்சைடு இப்ப உண்மையிலயே தேறிடுச்சு. கையால கோடு இழுத்துக்கிட்டு இருந்தத விட்டுட்டு 2025 ஏப்ரல்ல இருந்து, ஆளுங்க நின்ன இடத்த கேமராவும் கம்ப்யூட்டரும் கணக்குப் போடுற பாதி தானியங்கி முறை வந்திருக்கு, ஃபிஃபா இத 2022 கத்தார் உலகக் கோப்பையிலயே ஓட்டிக் காட்டிடுச்சு. ரெஃப்ரி மைக்ல முடிவ அறிவிக்குறதும் வந்தாச்சு, ஸ்டேடியத்துல காசு குடுத்து உக்காந்திருக்குறவனுக்கு என்ன நடக்குதுன்னே தெரியாத கொடுமை கொஞ்சம் குறைஞ்சிருக்கு. 2024 ஜூன்ல விஏஆர மொத்தமா தூக்கிடலாம்னு வுல்வ்ஸ் கிளப் கொண்டு வந்த தீர்மானத்துக்கு 20 கிளப்ல வுல்வ்ஸ் ஓட்டு மட்டும் தான் விழுந்துச்சு, மத்த 19ம் எதிர்ப்பு. அன்னைக்கு எனக்கு ஓட்டு இருந்திருந்தா நானும் அந்த 19 பக்கம் தான், எடுத்துட்டா பழைய ஆஃப்சைடு அநியாயம் எல்லாம் திரும்ப வரும்.

புதுசா பாக்க ஆரம்பிக்குறவங்களுக்கு ஒண்ணு. கோல் விழுந்ததும் ஸ்கோர்போர்டுக்குப் பக்கத்துல விஏஆர்னு வருதான்னு பாத்துட்டு கத்துங்க. சாதாரண மஞ்சள் கார்டு காட்டினா காத்திருக்காதீங்க, இப்போதைக்கு அதுக்கு யாரும் வர மாட்டாங்க.