டெட்லைன்: காலக்கெடுவா, கடைசி நாளா, தவணையா?

மொழிபெயர்ப்பு வேலையில் வாரத்துக்கு இரண்டு முறையாவது டெட்லைன் என்ற சொல் வந்து நிற்கிறது. எல்லா இடத்திலும் ‘காலக்கெடு’ என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

டெட்லைன் முதலில் நிஜமான கோடாகவே இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-இல் ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில்லில் ஒரு போர்க்கைதி முகாமைத் திறந்தார்கள். மரச்சுவருக்கு உள்ளே ஏறத்தாழ 19 அடி தள்ளி ஒரு கம்பு வேலி. அதைத் தாண்டிய கைதியைக் காவலர் சுடலாம். அந்த வேலியைத்தான் டெட்லைன் என்றார்கள். அங்கே அடைபட்ட சுமார் 45,000 பேரில் ஏறக்குறைய 13,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் நோயாலும் பட்டினியாலும். பிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் அது செய்தி கொடுத்து முடிக்க வேண்டிய நேரமாக மாறியது.

இந்த அதட்டலுக்கு நெருங்கி வருவது ‘கெடு’. ‘48 மணி நேரம் கெடு’ என்றால் விதித்தவரின் கை ஓங்கியிருப்பது காதிலேயே கேட்கிறது. வேலைநிறுத்த அறிவிப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் கல்லூரி விண்ணப்பத்துக்கு எதற்கு அதட்டல்? அங்கே ‘கடைசி நாள்’ போதும். படிக்காத பாட்டிக்கும் புரியும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘15ஆம் தேதிக்குள்’ என்று எழுதினால் 15 சேர்த்தியா இல்லையா என்று குழப்பம் வரும். ‘15ஆம் தேதி மாலை 5 மணி வரை’ என்று எழுதிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

தவணை பணத்தோடு ஒட்டிக்கொண்ட சொல். கடனுக்குச் சரி, கட்டுரை அனுப்பும் நாளுக்குச் சரிவராது. இலங்கையிலோ பள்ளிப் பருவத்தையே தவணை என்பார்கள், அங்குள்ள வாசகர் வேறு பொருள் கொள்வார்.

அப்புறம், ஆங்கிலத்தின் ‘மீட் தி டெட்லைன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘காலக்கெடுவைச் சந்திக்க முடியவில்லை’ என்று எழுதுகிறார்களே, அதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. கெடுவைத் தமிழில் யாரும் சந்திப்பதில்லை. விதிக்கிறார்கள், நீட்டிக்கிறார்கள், அது முடிகிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் தையல் கடைக்காரர் சட்டையைக் கையில் கொடுத்தால், ‘சொன்ன தேதிக்குக் கொடுத்துட்டார்’ என்றுதானே சொல்கிறோம்? மொழிபெயர்ப்பில் நானும் இப்போது அதையே எழுதுகிறேன்: சொன்ன தேதிக்கு முடித்தார்கள்.