கடைப் பெயர் துப்பாக்கிக்கு இங்கிலாந்து விலை: ஜாக்கிரதை

பென்சில்வேனியாவில் துப்பாக்கிக் கண்காட்சிகளுக்குப் போய்ப் பழைய ஷாட்கன் (சிறுகுண்டுகளைச் சிதறவிடும் வேட்டைத் துப்பாக்கி) வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முயல் வேட்டைக்கென்று நான் வாங்கிய 12 கேஜ் (கேஜ் என்பது குழல் அளவு) இரட்டைக்குழலில் தொங்கிய அட்டை, ‘வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், பர்மிங்காம், 1880’ என்றது. இங்கிலாந்தின் பேர்பெற்ற துப்பாக்கித் தயாரிப்பாளர் அது. விலை 1,200 டாலர். பக்கத் தகட்டில் பொறித்திருந்தது ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ மட்டும். கேட்டால், “அந்தக் காலத்தில் சுருக்கித்தான் பொறிப்பார்கள்” என்றார் வியாபாரி. குழலைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். பழசு, கழற்றினால் பிடிமானம் தளர்ந்துவிடும் என்றார்.

சும்மா கதை. குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையை எடுத்தால் குழல் தனியாக வந்துவிடும், ஒரு நிமிட வேலை. எங்கள் ஊர் துப்பாக்கி மெக்கானிக் கழற்றி, குழலின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்தார். கிரீடம், அதன் கீழே முட்டை வடிவ வளையம், உள்ளே ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகளும் நட்சத்திரமும். குழலைச் சோதித்ததற்காக பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் குத்தும் முத்திரை அது. அதில் கிரீடம் சேர்ந்ததே 1893-இல்தான். அட்டையில் இருந்த ஊரும் பொய், வருஷமும் பொய். பெரிய பெயரை நினைவூட்டும்படி பொறித்த மலிவுத் துப்பாக்கிகள் அப்போது பெல்ஜியத்திலிருந்து அமெரிக்க இரும்புக் கடைகளுக்கு ஏராளமாக வந்தன. என்னுடையதை 200 டாலருக்குக் கேட்க ஆள் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றார் மெக்கானிக்.

பணத்தைவிட எனக்குக் கோபம் வேறொன்றில். இதற்கு இன்றைய தோட்டா தாராளமாகப் போடலாம் என்று ஒரு பெட்டியையும் அந்த வியாபாரியே விற்றார். குழலோ இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் வகை, கரும்பொடி என்ற பழைய வெடிமருந்துக் காலத்துப் பொருள். தோட்டா உட்காரும் அறையும் இன்றைய இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவுக்குப் போதாத நீளம். தோட்டா உள்ளே தாராளமாகப் போய்விடும். சுடும்போது அதன் முனையில் உள்ள மடிப்பு முன்னால் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். பிடித்திருக்கும் இடது கை என்னாவது?

அந்த வியாபாரியின் மேசையில், சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடை தன் ‘டெட் வில்லியம்ஸ்’ பெயரில் விற்ற 200 மாடல் ஷாட்கன் ஒன்றும் இருந்தது. அதை வின்செஸ்டர் என்ற துப்பாக்கி நிறுவனம் செய்தது உண்மைதான், சியர்ஸ் மாடல் எண் 273 என்று தொடங்கினால் அவர்கள் வேலை. ஆனால் அது வின்செஸ்டரின் சாதாரண 1200 மாடல். அவர் கேட்டதோ புகழ்பெற்ற மாடல் 12-இன் விலை. சியர்ஸின் இன்னொரு பெயரான ஜே.சி. ஹிக்கின்ஸில் எண் 583 என்று தொடங்கினால் ஹை ஸ்டாண்டர்ட் நிறுவனம் செய்தது. மான்ட்கோமரி வார்ட் என்ற இன்னொரு கடையின் வெஸ்டர்ன் ஃபீல்ட் 550 என்றால் மாஸ்பெர்க் நிறுவனத்தின் 500 மாடல். எல்லாம் நன்றாகச் சுடும் துப்பாக்கிகள்தான், ஆனால் கடைப் பெயர் இருந்தால் பொதுவாக அசலைவிடக் குறைவாகத்தான் போகும்.

அப்புறம், வரிசை எண் இல்லாததால் அபூர்வம் என்பார்கள். 1968-இன் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முன் மலிவு ஷாட்கன்களில் எண் கட்டாயமே இல்லை. எண்ணைச் சுரண்டிய தடம் இருந்தால் மட்டும் தொடாதீர்கள், அது குற்றம்.

வியாபாரியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதில் ‘பழைய 12 கேஜ்’ என்றுதானே இருக்கிறது என்றார். அட்டையைப் படம் எடுத்து வைத்திருந்ததால் அதைச் சேர்த்து மாநில நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வாங்கினால் தயாரிப்பாளர் பெயரை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.