ஒரே பாஸ்க் மொழி, ஆற்றின் இரு கரையில் இரண்டு சட்டம்

பிடசோவா ஆற்றின் ஒரு கரையில் ஸ்பெயினின் இருன், மறு கரையில் பிரான்சின் ஹெண்டே. இரண்டு ஊரிலும் பாஸ்க் பேசுகிறவர்கள் உண்டு, ஆனால் பாலத்தைத் தாண்டினால் மொழியின் மதிப்பே மாறிவிடும்.

ஸ்பெயினின் 1978 அரசியலமைப்பு காஸ்டிலியனை, அதாவது நாம் ஸ்பானிஷ் என்று சொல்லும் மொழியை, நாடு முழுவதற்கும் ஆட்சிமொழி ஆக்கிவிட்டு, மற்ற மொழிகளும் அவரவர் தன்னாட்சிப் பகுதியில் ஆட்சிமொழி ஆகலாம் என்றது. 1979இல் பாஸ்க் பகுதியில் பாஸ்க் மொழிக்கு அந்த நிலை கிடைத்தது. அதனால் இருனில் ஒருவர் அரசு அலுவலகத்தில் பாஸ்க்கில் மனு கொடுப்பது உரிமை, யாருடைய தயவும் இல்லை. பிள்ளையை அரசுப் பள்ளியிலேயே பாஸ்க் வழியில் படிக்க வைக்கலாம். குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். காஸ்டிலியனை அறிந்திருப்பது எல்லோருக்கும் கடமை, பாஸ்க்குக்கு அப்படி எதுவும் கிடையாது.

சரி, பிரான்ஸ்? 1992இல் 'குடியரசின் மொழி பிரெஞ்சு' என்று அரசியலமைப்பில் சேர்த்தார்கள். 2008இல் வட்டார மொழிகள் நாட்டின் மரபுச் சொத்து என்று ஒரு வரி வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பாட்டியின் படத்துக்கு மாலை போடுகிற மாதிரி. ஆனால் அந்த வரி எந்த உரிமையையும் தரவில்லை என்று, சட்டங்கள் அரசியலமைப்புக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் அரசியலமைப்பு மன்றம் 2011இல் சொல்லிவிட்டது. அப்புறம் 2021இல் வட்டார மொழிகளுக்காக நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவர, பாடம் முழுவதையும் அந்த மொழியிலேயே நடத்தும் முறையை அதே மன்றம் ரத்து செய்தது. வட்டார மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தில் 1999இல் கையெழுத்துப் போட்டும் பிரான்ஸ் இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. ஸ்பெயின் 2001லேயே செய்துவிட்டது.

என்னைக் கேட்டால் ஸ்பெயின் வழிதான். புகழ்ச்சியை வைத்துக்கொண்டு மனு எழுத முடியாதே.